மார்பிலே ஒரு நிழல்

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூருக்குள் நுழைகிற நெடுஞ்சாலையைச் சரக்கு லாரிக்காரர்கள் ஒரு விதமாகவும், ஷிஃப்டுக்கு ஓடுகிற ஆலைத் தொழிலாளர்கள் இன்னொரு விதமாகவும் அறிந்திருக்க, கிருஷ்ணகிரி ஜில்லாவின் எத்தனையோ குடும்பங்கள் அதை வைத்தியத்துக்குப் போகிற பாதையாகவே அறிந்திருக்கின்றன. பொம்மசந்திராவில் நாராயணா மருத்துவமனை, கோரமங்களாவில் செயின்ட் ஜான்ஸ், டெய்ரி சர்க்கிளைத் தாண்டினால் 1973-ஆம் ஆண்டு தோன்றிய கித்வாய் புற்றுநோய் நிலையம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆஸ்பத்திரிகள் வருகின்றன. கித்வாய்க்குக் கூப்பிடு தூரத்திலேயே, க்ஷயரோகத்துக்கென்று நெடுநாள் பெயர் பெற்ற ராஜீவ் காந்தி மார்பு நோய் நிலையமும் இருக்கிறது. “ஸ்கேன்ல ஏதோ நிழல் தெரியுதாம், பெங்களூர்ல காட்டச் சொல்லிட்டாங்க” என்ற ஒரே வாக்கியத்தைச் சுமந்துகொண்டு விடியற்காலையில் பஸ் ஏறுகிறவருக்கு, அந்த இரண்டு வாசல்களில் தமக்குரியது எது என்பது தெரியாது. அது தெரிய வருவதற்குச் சில நாட்களோ, சில வாரங்களோ, சில சமயம் மாதங்களோ ஆகும். நோயைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் எழுதுவோர் பலர் உண்டாகையால், நோய் உண்டா இல்லையா என்று அறியாமலே கழிகிற அந்த இடைக்காலத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாக எழுத எண்ணுகிறேன்.

காற்று நிரம்பிய நுரையீரலின் ஊடே எக்ஸ் கதிர்கள் பெரும்பாலும் தடையின்றிப் பாய்ந்துவிடுகின்றன. அங்கே திண்மையான பொருள் ஏதேனும் இருக்குமானால் அது கதிர்களைத் தடுத்துப் படத்தில் வெண்ணிறமாக விழுகிறது. சி.டி. ஸ்கேன் என்பது அதே கதிர்களைக்கொண்டு மார்பை மெல்லிய குறுக்குத் துண்டங்களாகக் காட்டுவதாகையால், சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் அகப்படாத சில மில்லிமீட்டர் புள்ளியும் அதில் அகப்பட்டுவிடுகிறது. 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட உருண்டையை வைத்தியர்கள் நாடியூல் என்பார்கள். அதற்கு மேற்பட்டதைக் கட்டி என்பார்கள். ஆனால் படம் காட்டுவதெல்லாம் ஒரு திண்மை அங்கே இருக்கிறது என்பதை மட்டுமே. அது ஆறிப்போன க்ஷயத்தின் தழும்பாக இருக்கலாம், ஆறாத க்ஷயமாக இருக்கலாம், பூஞ்சைத் தொற்றாகவோ, நுரையீரலுக்குள்ளே தங்கிவிட்ட சிறு நிணநீர்க் கணுவாகவோ, கல் தூசியைச் சுற்றி உடல் கட்டிய முடிச்சாகவோ, ஒரு தீங்கும் செய்யாத பிறவிக் கட்டியாகவோ இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். அந்தி இருளில் தூரத்தே நிற்பது கட்டையா ஆளா என்று மயங்குவதை நம் தர்க்க சாஸ்திரக்காரர்கள் சம்சயத்துக்கு உதாரணமாகக் காட்டி, அந்தச் சம்சயத்தைத் தங்கள் பதினாறு பதார்த்தங்களில் ஒன்றாகவும் வைத்தார்கள். சந்தேகத்தை அவர்கள் அறிவின் குறைபாடு என்று தள்ளவில்லை. விசாரணை தொடங்குவதற்குரிய இடம் என்று கொண்டார்கள். இன்றைய ரேடியாலஜி வைத்தியர், தம் அறிக்கையின் அடியில் ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிடும்போது செய்வதும் அதுவேதான். அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பஸ்ஸில் உட்கார்ந்து கைப்பேசியில் தேடிப் பார்க்கிற தொழிலாளிக்கோ அவை மரண சாசனமாகத் தோன்றுகின்றன.

இந்த எல்லைப் பிரதேசத்தில் அந்தச் சம்சயம் மற்ற இடங்களைவிடச் சற்று அதிகமாகவே சிக்கலுற்றிருப்பதற்குக் காரணங்கள் உண்டு. உலகத்துக் க்ஷயரோகிகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் இருக்கிறார்கள் என்பது முதலாவது. பாறையும் தூசியும் இரண்டாவது. எல்லைக்கு அப்பால் இருக்கிற கோலார் தங்கவயலில், வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறையைக் குடைந்தன. அந்தத் தொழிலாளரிடையே சிலிக்கோஸிஸ் என்னும் தூசி நோய் பரவியிருந்ததை 1947-இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. ஆயினும் கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துக் குவாரிகளிலும் கல் அறுக்கிற பட்டறைகளிலும் தூசி நின்றபாடில்லை. கிரானைட் கல்லில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குவார்ட்ஸ் இருக்கும். அதன் நுண்தூசி நுரையீரலுக்குள் புகுந்தால் முழுதும் வெளியேறுவதில்லை. அது முடிச்சுகளை உண்டாக்குகிறது, க்ஷயத்துக்கு இடம் கொடுக்கிறது. இவை போதாவென்று, அது புற்றுக்கும் காரணமாகும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1997-இல் தீர்மானித்தது. வெல்டிங் புகையையும் அதே நிலையம் 2017-இல் அந்தப் பட்டியலில் சேர்த்தது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளில் வெல்டிங் பொறி தெறிக்காத தெரு அபூர்வம். பீடியையும் சிகரெட்டையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புகையே பிடிக்காதவர்களுக்கும் நுரையீரல் புற்று வருவது நம் நாட்டில் அதிகம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்; “எனக்குத்தான் ஒரு பழக்கமும் இல்லையே” என்ற ஆறுதலைப் பரீட்சைக்குப் பதிலாக யாரும் எடுத்துக்கொள்ளலாகாது.

ஆகவே இங்கே ஒருவருடைய மார்பில் தெரியும் நிழல், க்ஷயத்தைப் புற்றுப்போலவும், புற்றைக் க்ஷயம்போலவும், தூசி முடிச்சை இரண்டையும்போலவும் காட்டவல்லது. பெட் ஸ்கேன் என்ற விலையுயர்ந்த பரீட்சையும் இந்த விஷயத்தில் ஏமாறுவதுண்டு. கதிரியக்கமுள்ள ஒருவகைச் சர்க்கரையை ரத்தக் குழாயில் செலுத்தி, உடலில் எந்த இடம் அதை ஆவலோடு உறிஞ்சுகிறது என்று பார்ப்பதே அந்தப் பரீட்சை. புற்று அணுக்கள் சர்க்கரையை விரும்பி உண்பது மெய்யேயானாலும், க்ஷயக் கிருமியோடு போராடுகிற வெள்ளணுக்களும் அவ்வாறே உண்ணுவதால், படம் இரண்டிடத்திலும் ஒரே மாதிரி ஒளிவிடுகிறது. எனவே திசுவை எடுத்துப் பார்க்காமல் நிச்சயம் சொல்ல இயலாத நிலை அடிக்கடி நேரிடுகிறது.

அந்தத் திசுவைப் பெறுவதும் படிப்பதும் ஏன் நாளாகிறது என்பதைக் காத்திருப்போருக்கு யாரும் விளக்குவதில்லை. விளக்கினால் பாதி சஞ்சலம் தீரும் என்பது என் அபிப்பிராயம். சி.டி. படத்தைப் பார்த்தபடி ஊசி செலுத்தியோ, மூச்சுக்குழாய் வழியே குழல்நோக்கியை இறக்கியோ ஒரு நூலிழை அளவு திசுவை எடுக்கிறார்கள். அதை ஃபார்மலினில் ஊறவைத்து, ஆல்கஹாலால் நீரை அகற்றி, பாரஃபின் மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு கனமுள்ள சீவல்களாகச் சீவி, சாயமேற்றி, அதன்பின்னரே நுண்பெருக்கியின் கீழ் வைக்கிறார்கள். இதற்குள் சில நாட்கள் ஓடிவிடுகின்றன. புற்று என்று தெரிந்தால் அது எந்த ஜாதி என்று அறியப் புரதச் சாயங்கள் ஏற்ற வேண்டும்; நுரையீரலிலேயே பிறந்ததா, வேறோர் உறுப்பிலிருந்து வந்து குடியேறியதா என்பதை அவையே சொல்லும். பிறகு ஜீன் பரீட்சை. இந்தியர்களிடம் காணப்படும் அடினோகார்சினோமா என்ற வகையில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஜீனில் மாறுதல் இருக்கிறது. அவர்களுக்கு முதற்கண் மாத்திரையாலேயே சிகிச்சை செய்யலாம். அந்த விடை வர இரண்டு மூன்று வாரங்கள் ஆனாலும் அது வீணான காலம் அன்று. சில வேளைகளில் எடுத்த திசு போதாது என்று மறுபடியும் ஊசி போட அழைப்பார்கள். அழைத்தாலே நோய் முற்றிவிட்டது என்று எண்ணுவதற்கு ஒரு முகாந்திரமும் இல்லை. க்ஷயக் கிருமியோ இன்னும் சோம்பேறி. ஆய்வுக்கூடத்தில் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிற குடல் கிருமிகள் இருக்க, இது ஒருமுறை இரட்டிக்க ஏறக்குறைய இருபது மணி நேரம் எடுத்துக்கொள்வதால், சளியிலிருந்து அதை வளர்த்துக் காட்டுவதற்கு வாரக்கணக்காகிறது. அந்தத் தாமதத்தைக் குறைக்கவே கிருமியின் ஜீனை நேரே தேடும் கருவிகள் வந்தன; அவற்றுள் ட்ரூநாட் என்பது நம் பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் உருவானது.

இனி, எல்லாவற்றிலும் மேலாகப் பொறுமையைச் சோதிப்பதான ஒரு வாக்கியத்துக்கு வருவோம். “மூணு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்” என்று வைத்தியர் சொல்கிறார். கேட்கிறவருக்கு அது அலட்சியமாகவோ, கைவிட்டதாகவோ தோன்றுகிறது; “கட்டி உள்ளே வளர்ந்துட்டே இருக்கும், இவங்க மூணு மாசம் சும்மா இருக்கச் சொல்றாங்களே” என்று வீட்டார் கொதிக்கிறார்கள். இதில் ஒரு சிறு கணிதம் மறைந்திருக்கிறது. திண்மையான நுரையீரல் புற்றுகளில் பெரும்பாலானவை தம் பருமனை இரட்டிக்க ஒரு மாதம் முதல் நானூறு நாள் வரை எடுத்துக்கொள்கின்றன. பருமன் இரட்டிப்பதென்றால் குறுக்களவு இரட்டிப்பதன்று. நாலில் ஒரு பங்கு கூடினாலே பருமன் இரட்டித்துவிடும். 8 மில்லிமீட்டர்ப் புள்ளி 10 மில்லிமீட்டராவது கண்ணுக்கு அற்பமாகத் தோன்றலாம். உண்மையில் அதன் பருமன் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கிறது. நூறு நாளில் இரட்டிக்கிற புற்று ஒன்று 8 மில்லிமீட்டரில் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு மாதம் சென்றபின் அது சுமார் 8.6 ஆகும், மூன்று மாதம் சென்றபின் சுமார் 9.8 ஆகும். ஒரே புள்ளியை இருமுறை அளக்கும்போதே ஒன்றரை மில்லிமீட்டர் வரை வித்தியாசம் வரக்கூடுமாகையால், அந்த 0.6 மில்லிமீட்டரைக்கொண்டு எந்த வைத்தியராலும் எதுவும் சொல்ல முடியாது. மூன்று மாதத்தின் வித்தியாசத்தைக்கொண்டு சொல்லலாம். ஆக, அந்த மூன்று மாதம் பரீட்சையின் அங்கம். பூதக்கண்ணாடிபோல, ஊசிபோல, காலமும் அங்கே ஒரு கருவி. ஃபிளைஷ்னர் சங்கம் என்ற மார்புப் பட நிபுணர் சபை 2017-இல் வெளியிட்ட வழிமுறைகள், 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட திண்மையான புள்ளி, அபாயம் குறைந்தவரிடம் தற்செயலாகக் காணப்பட்டால், அதைத் தொடர்ந்து படமெடுக்கவே வேண்டாம் என்கின்றன. 6 முதல் 8 வரை ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் ஒரு படம். 8-க்கு மேற்பட்டால் மூன்று மாதத்தில் படம், அல்லது பெட் ஸ்கேன், அல்லது திசுப் பரீட்சை. அமெரிக்காவில் கடும் புகைப்பழக்கம் உள்ள, அல்லது முன்பு இருந்த, 53,000-க்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2011-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், சந்தேகத்துக்குரியன என்று குறிக்கப்பட்ட சி.டி. முடிவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புற்றாக முடியவில்லை.

அந்தத் தொண்ணூற்றாறைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் நிம்மதியாகத் தூங்கிவிடலாம் என்று சொல்ல நான் துணியேன். அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் நோய்க்குறி எதுவுமில்லாமல் பரிசோதனைக்கு வந்தவர்கள். முப்பது வருஷம் பீடி குடித்து, சளியில் ரத்தம் கண்டு, எடை குறைந்து, குரலும் கம்மிய ஒருவருடைய மார்பில் நாலு சென்டிமீட்டர்க் கட்டி தெரியுமானால் அவருடைய கணக்கு வேறு; அவருக்குக் காலம் கருவியாகாது, பகையாகவே ஆகும். இங்கேதான் காத்திருப்பில் இரண்டு ஜாதி உண்டு என்பதைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. விடை விளைவதற்காகக் காத்திருப்பது ஒன்று. விடையைத் தேட யாரும் முற்படாததால் காத்திருப்பது மற்றொன்று. இரண்டும் மனத்தில் ஒரே மாதிரி எரிகின்றன என்பதே இதில் உள்ள கஷ்டம். இரண்டாவது ஜாதியில் நம் தேசத்தில் மிகவும் பழகிப்போனது, சளியில் கிருமி காணாமலே, படத்தை மட்டும் பார்த்து, ‘டி.பி.யா இருக்கும்’ என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பது. க்ஷயம் மலிந்த நாட்டில் அந்த அனுமானம் பெரும்பாலும் சரியாகவே முடிகிறது என்பதையும், கிருமி அகப்படாத க்ஷயமும் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். க்ஷயம் என்று முடிந்தாலோ அது நல்ல செய்தி என்றே இன்று சொல்லலாம். ஆரோக்கிய விடுதியில் கிடக்க வேண்டாம், வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம் என்று 1956-இல் தொடங்கிய சென்னை க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் 1959-லேயே உலகுக்குக் காட்டிவிட்டது. சாதாரணக் க்ஷயத்துக்கு இன்று ஆறு மாத மருந்து போதும். ஆனால் இரண்டு மாதம் மருந்து சென்றும் நிழல் சுருங்காமலிருந்தால், அந்த அனுமானத்தை மறுபடியும் விசாரணைக்கு உட்படுத்தியே ஆக வேண்டும். நுரையீரல் புற்று நம் நாட்டில் காலம் கடந்து தெரியவருவதற்கு, இப்படிப் படத்தை மட்டும் நம்பி டி.பி. மருந்தைத் தொடர்வது ஒரு முக்கியக் காரணம் என்று வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

இவ்வளவு விளங்கிக்கொண்டபின்னும் மனம் அடங்குவதில்லை. 2016-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றில் உட்கார்த்தி, திரையில் தோன்றும் கல்லின் அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்கச் சொன்னார்கள். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி சிறு மின்னதிர்ச்சி உண்டு. வேர்வையையும் கண்மணியின் விரிவையும் அளந்து பார்த்ததில், அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று அறிந்தபோது இருந்ததைவிட, வருமோ வராதோ என்று சரிபாதியாக இருந்தபோதே பதற்றம் உச்சத்தில் இருந்தது. மார்பகத்தில் திசுப் பரீட்சை செய்துகொண்ட பெண்களைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வொன்றும், முடிவு தெரியாமலிருந்தவர்களின் உமிழ்நீரிலுள்ள கார்ட்டிசால் என்ற பதற்றச் சுரப்பு, புற்று உறுதியானவர்களுடையதைப்போலவே மாறியிருந்ததைக் கண்டது. ‘இன்னும் ஒண்ணும் தெரியலையே, அதுக்குள்ள ஏன் பயப்படுறே?’ என்று கேட்கிற உறவினருக்கு இதைச் சொல்லலாம்: தெரியாததுதான் அந்தப் பயத்துக்குக் காரணம்.

காத்திருப்பின் மனோதத்துவத்தை ஆராய்ந்த கேட் ஸ்வீனி என்ற கலிபோர்னியப் பேராசிரியை, வக்கீல் பரீட்சை எழுதிவிட்டு நாலு மாதம் முடிவுக்குக் காத்திருந்த 230 பேரைத் தொடர்ந்து கவனித்தார். நல்லதையே நினை, கெட்டதை எதிர்பார், நினைக்காமலே இரு என்று நாம் வழங்குகிற உபாயங்களில் எதுவும் அவர்களுடைய வேதனையைக் குறைக்கவில்லை. ஆனால் கவலைப்பட்டுக் காத்திருந்தவர்கள், கெட்ட முடிவு வந்தபோது கவலையின்றி இருந்தவர்களைவிடத் தெளிவாக அடுத்த காரியத்தில் இறங்கினார்கள். கவலைப்படுகிறோமே என்று கவலைப்பட வேண்டாம் என்பதை இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். பிற்பாடு ஸ்வீனியின் குழுவினர், ஓரளவு கடினமான, முழுக் கவனத்தையும் கேட்கிற வேலையில் மூழ்குகிறவர்களுக்குக் காத்திருப்பு கொஞ்சம் இலேசாகிறது என்று கண்டார்கள். கன்வேயரின் முன்னின்று ஒரே திருகை நாள் முழுதும் முடுக்குகிற வேலை இதில் சேராது. கை ஓடிக்கொண்டிருக்க மனம் தன் போக்கில் போய்விடும். லேத்தில் நுட்ப வேலை தெரிந்தவருக்கும், ரோஜாப் பண்ணைக் கூடாரத்தில் கவாத்து செய்கிறவருக்கும், கணக்குப் பார்க்கிறவருக்கும் அது வாய்க்கலாம். ஓசூரில் சந்திரசூடேசுவரர் கோயில் மலையேறி நேர்ந்துகொள்கிறவரையும் நான் பரிகசிக்க மாட்டேன். படியேறுகிறபோது மனம் ஓரிடத்தில் நிற்குமானால் அதுவும் லாபமே. ஸ்கேன் தேதியைத் தவறவிடாதவரையில்.

குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை. “அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க சார்” என்று வைத்தியரின் அறைவாசலில் மகன் கெஞ்சுவது நம்மவரின் வழக்கம், அன்பினால் செய்வதே. ஆயினும் உள்ளே இருக்கிற அந்த மனிதர் மருமகளின் முகத்தையும், திடீரென்று தாழ்ந்துவிடுகிற பேச்சையும், வழக்கத்துக்கு விரோதமாகத் தட்டில் விழுகிற முட்டையையும் படித்துவிடுகிறார். படித்ததில் உள்ள இடைவெளிகளை அச்சத்தைக்கொண்டு நிரப்பிக்கொள்கிறார். எட்டு மில்லிமீட்டர் என்பதும், மூன்று மாதம் என்பதும், எதற்கு மூன்று மாதம் என்பதும் அவருக்கும் தெரிந்திருப்பது நல்லது. வைத்தியரிடம் கேட்க வேண்டியவையும் அதிகமில்லை: இதன் அளவு என்ன, எதற்காகக் காத்திருக்கிறோம், எந்தத் தேதி வரையில், அதற்குள் ரத்தம் கண்டாலோ மூச்சு வாங்கினாலோ யாரிடம் வர வேண்டும், டி.பி. மாத்திரையானால் சளியில் கிருமி கண்டதா இல்லையா. இவற்றுக்கு விடை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டால், விடை விளைகிற காத்திருப்பு எது, வெறும் தாமதம் எது என்பது தானே விளங்கும். பெங்களூருக்கு ஓடுவதற்கு முன், 2022 முதல் நடந்துவருகிற கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியிலும் இந்த விசாரணையைத் தொடங்கலாம். ஈ.எஸ்.ஐ. அட்டையோ முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ எல்லைக்கு அப்பால் எந்த இடத்தில் செல்லும் என்பதைப் பயணத்துக்கு முன்பே கேட்டுவிடுவதும் அவசியம்.

கடைசியாக, ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிலாளர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு விண்ணப்பம். வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த மார்பு எக்ஸ்ரேயையும், வருடாந்தரப் பரிசோதனைப் படங்களையும், பழைய ஸ்கேன் குறுந்தகடுகளையும் பரணில் எறியாதீர்கள். ஆலையில் வைத்திருந்தால் நகல் கேளுங்கள். இன்று தெரிகிற திண்மையான புள்ளி இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஸ்கேனிலும் அதே அளவில் இருந்தது என்று காட்ட முடிந்தால், அது புற்றாக இருப்பதற்கு இடம் பெரும்பாலும் இல்லை. இனிக் காத்திருக்க வேண்டிய காலத்தை நீங்கள் ஏற்கெனவே காத்திருந்துவிட்டீர்கள். பெங்களூர் பஸ் ஏறுமுன் அந்தப் படங்களைத் தேடி எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.